செருப்புப் பசை போட்ட அந்துப்பூச்சி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி நேற்று மதியம் வந்து சேர்ந்தது. ஒரு உணர்கொம்புகூட உடையவில்லை. பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் மறுபடி பஞ்சு என்று நீங்கள் கட்டியிருந்ததைப் பிரித்து முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போனது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கும்போது, "உள்ள என்ன மேடம், வைரமா?" என்று கேட்டார். செத்த பூச்சி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் கண்டுபிடித்து, உங்கள் பெயரை வைத்து, அச்சிலும் ஏற்றிய பூச்சி. அந்த இனத்துக்கு உலகத்தில் மாதிரி என்று இருப்பது இந்த ஒன்றுதான். அவன் போய் நான்கு வருடம் ஆகிறது. இது மட்டும் நேற்றுத்தான் ஊசி குத்தியது போல இருக்கிறது.

இந்தச் சாம்பல் அந்துப்பூச்சிக் கூட்டத்தை முழுவதுமாகத் திருத்தி வகைப்படுத்தும் புத்தகம் என் தலையில் விழுந்திருப்பது உங்களுக்குத் தெரியும். மேலே பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றுதான். அதே சாம்பல் சிறகு, அதே சிறுநீரக வடிவப் புள்ளி, பின்சிறகில் அதே நரம்பு ஓட்டம். வயிற்றைக் கழற்றி, காரக் கரைசலில் ஊறவைத்து, நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் யார் எவர் என்று தெரியும். அங்கேதான் இனத்துக்கு இனம் வித்தியாசம். ஒரே ஒரு பூச்சி என்பதால் அண்ணன் இதை அறுக்கவில்லை. வால்நுனிச் செதில்களைத் தூரிகையால் ஒதுக்கி, ஆணின் கவ்விகளை வெளியிலிருந்தே பார்த்து வரைந்திருக்கிறான். நானும் அறுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி. மாடிப்படியைக் கண்டாலே திட்டுகிறார்கள், படியை. நீங்கள் கடிதமே போடுவதில்லை என்று குறை. ஃபோனில் பேசுவதெல்லாம் கணக்கில் சேராதாம்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 24

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டத்தை நான் விடப்போவதில்லை. ஆகவே கோபித்துக்கொண்டு பயனில்லை.

இங்கே மியூசியத்தின் கீழ்த்தளத்தில் ஈரம் ஏறி, மாதிரிகளை அரிக்கும் வண்டு இரண்டு அலமாரியில் புகுந்துவிட்டது. நாள் முழுக்க நாப்தலீன் உருண்டையோடு குடும்பம் நடத்துகிறேன். அந்த வாசனை துணியில் ஏறி, பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கிறது. அதில் வந்து உட்காருவதற்கு ஒருவர் மட்டும்தான் தயங்குவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் மியூசியத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், இப்போது லிஃப்ட் பழுதாகாமலே வருகிறார். ஒருநாள் ஊசியில் இருந்த பூச்சியைப் பார்த்து, அதற்குக் காது எங்கே என்று கேட்டார். மார்பும் வயிறும் சேரும் இடத்தில், இடுப்பில் என்று காட்டினேன். வௌவால் வரும் சத்தத்தை அதில்தான் கேட்கும் என்றேன். தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப பெல்ட் கட்டினா செவிடா?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பூச்சிகளை வைத்திருக்கும் அந்த அறையில் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் உனக்கும் அத்தைக்கும் தெரியாமல் சொல்ல மாட்டேன். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். அத்தையிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீ என்ன நினைக்கிறாய் என்பதையும் ஒளிக்காமல் எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம்.

மாதிரியில் ஒரு சிக்கல் இருப்பதால் எழுதுகிறேன். பறக்கும்போது இரண்டு சிறகும் சேர்ந்து அசைவதற்காக, பின்சிறகின் அடியிலிருந்து முள் போல ஒன்று நீண்டு முன்சிறகைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆணுக்குத் தடித்த ஒற்றை முள். பெண்ணுக்கு மெல்லிய இரண்டு மூன்று. உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். உங்கள் பெயர் வைத்த பூச்சியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மும்மூன்று முள். தலையும் சிறகும் பெண்ணுடையவை. வாலில் இருப்பது ஆணின் கவ்விகள். இடுப்பில் பசை.

ஆகவே இது ஒரு பூச்சி இல்லை, இரண்டு. முன்பாதி, பார்த்த அளவில், விளக்கு வைத்த இடத்துக்கெல்லாம் வரும் சாதாரண இனத்தின் பெண். உடைந்துபோன வேறு எதனுடைய வாலோ அதில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த அறையில் உடைந்த மாதிரிகளை ஒட்டுவது நீங்கள்தான் என்பதால் கேட்கிறேன்: இதை எப்போது ஒட்டினீர்கள்? பதில் எதுவானாலும் முடிவு மாறாது. இந்தப் பெயரை நீக்கி, சாதாரண இனத்தின் கீழ் சேர்த்துவிடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வாளர்


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறொன்று. இரண்டு வாரமாகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். வந்தது முள்ளுக் கணக்கு.

பெயரை எடுப்பதானால் எடு. உன் அண்ணன் ஆசையாக வைத்தார், இத்தனை காலம் இருந்தது, போதும். தப்பென்றால் தப்புதான். நானும் இந்தப் படிப்பைப் படித்து இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நான் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று எழுதாமல் இருந்திருந்தால் அதைக் கவிழ்த்துப் பார்த்திருப்பாயா? இதை மனதில் வைத்துக்கொண்டு இனி உனக்கு ஒரு பெட்டிகூட என்னால் கட்ட முடியாது.

பசை விஷயத்துக்கு வருகிறேன். நான் போடுவது தண்ணீரில் கரையும் கோந்து. யார் எதை ஒட்டினாலும் பின்னால் வருகிறவரால் பிரிக்க முடிய வேண்டும் என்பது இந்த அறையில் நான் போட்ட சட்டம். இடுப்பில் ஒரு சொட்டு வெந்நீர் வைத்துப் பார். அசைந்தால் ஒட்டியது நான். அசையாவிட்டால் உன் அண்ணன், செருப்புக்குப் போடும் பசையால் ஒட்டியது. கண்ணாடி உடைந்தாலும் அதுதான், டீக் கப்பின் காது போனாலும் அதுதான் அவருக்கு. ஒருமுறை அத்தையின் பல்செட்டை அதில் ஒட்டப் போனவரை நான்தான் தடுத்தேன்.

உன் அண்ணி (இன்னும்)


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வெந்நீர் வைத்தேன். அசையவில்லை. நகச்சாயம் அழிக்கும் திரவத்தைத் தொட்டு வைத்தேன். மஞ்சளாக, நூல் நூலாக இளகிக்கொண்டு வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், செருப்பு வாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது என்று அவன் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. மைக்ராஸ்கோப்பில் முகத்தை வைத்தபடியே அழுதேன். வில்லையை அப்புறம் துடைத்து வைத்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: கவிழ்த்துப் பார்த்திருப்பேன். எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை அப்படி எழுதியிருக்க மாட்டேன். எனக்குக் கோபம். இருந்தது ஒரே அண்ணன், அவன் இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருகிறார் என்று கோபம். பெல்ட் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். பக்குவமெல்லாம் எனக்கு வராது, நேராகச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "நானே சொல்லணும்னு இருந்தேன். எனக்கு வாய் வரல" என்றார்கள். அதற்கப்புறம், லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களை அவர் எப்படி வெளியே எடுப்பார் என்று கேட்டு எழுதச் சொன்னார்கள்.

இப்போது பூச்சி. வால் கழன்றுவிட்டதால் முறைப்படி அறுத்துப் பார்த்தேன். அண்ணி, அந்தக் கவ்வி எதோடும் சேரவில்லை! இந்தக் கூட்டத்தில் தெரிந்த எல்லா இனத்தையும் அறுத்து வைத்திருக்கிறேன், ஒன்றிலும் இல்லை. அண்ணன் வரைந்தது சரி. புது இனம் நிஜம். ஒட்டிய சிறகுதான் தப்பு.

இப்படிப் பாதி பாதியாகக் கலந்துபோன மாதிரிகளுக்கு, உயிரினங்களுக்குப் பெயரிடும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறதே, திருத்துகிறவர் ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு, மற்றப் பாதிதான் இனிப் பெயருக்கு ஆதாரம் என்று அறிவிக்கலாம். முன்பாதியை வைத்தால் உங்கள் பெயர் போய்விடும். பின்பாதியை வைத்தால் நிற்கும். ஆனால் முகமும் சிறகும் தெரியாத வெறும் வாலை வைத்துக்கொண்டு ஒரு இனத்தை நான் எப்படி விவரிப்பேன்? பார்க்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா?

ஒரு யோசனை. வேறொன்றின் வாலை இதில் ஒட்டினான் என்றால், இதனுடைய வாலை எங்கே கொண்டுபோய் ஒட்டினான்? இதே தேதி, இதே இடம் எழுதிய லேபிள். முன்பாதியில் ஒற்றை முள். இடுப்பில் மஞ்சள் பசை. உங்கள் டிராயர்களில் தேடிப் பார்ப்பீர்களா? மாட்டேன் என்றால் எனக்குப் புரியும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

கிடைத்துவிட்டது. சாதாரண இனத்தின் டிராயர்களில்தான் இருந்தது. அவை எவ்வளவு என்று உனக்குத் தெரியும். எண்ணிச் சொல்லி உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. டிராயர்களை இறக்கி ஏற்றியவர் யார் என்று கேட்காதே. இவ்வளவும் ஒரே பூச்சிதானா என்று அவர் கேட்டார். இல்லை என்றுதான் தேடுகிறோம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தூக்கினார்.

கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றது. அதே தேதி, அதே இடம். ஒற்றை முள், மஞ்சள் பசை, பெண்ணின் வால். அந்தத் தடவை பூச்சி பிடித்துத் திரும்பும்போது, பஸ்ஸில் மேலே வைத்த பெட்டி கீழே விழுந்தது என்று உன் அண்ணன் சொன்னார். நான் அப்போது பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். "ஒண்ணும் ஆகல" என்றார் ஃபோனில். இரண்டு வாலும் விழுந்திருக்கிறது, மனுஷன் மாற்றி ஒட்டிவிட்டார். பெண்ணின் சிறகுக்கு என் பெயரை வைத்துவிட்டு, அசல் முகத்தைச் சாதாரண டிராயரில் குத்திவிட்டுப் போயிருக்கிறார். செருப்பையே வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவர், வேறென்ன செய்வார்?

சாதாரண ஆணோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. சாதாரண ஆணுக்கு உணர்கொம்பு நூல் போல. இதற்குச் சீப்பு மாதிரி பல், பின்சிறகின் ஓரமும் வெளுப்பு. எத்தனை தடவை அந்த டிராயரைத் திறந்திருக்கிறேன், என் கண்ணில் படவே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்க. உனக்குப் பெட்டி கட்டிவிட்டேன்.

அத்தைக்குப் பதில்: மேலே மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறப்பாராம். அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலையாம்.

ஏப்ரல் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் இருவரையும் வாருங்கள் என்று கூப்பிடத் தைரியம் இருக்கிறது, வற்புறுத்தத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்குப் பிறகு நான் உனக்கு என்ன உறவு? பெட்டியின் மேல் என்ன எழுதுவாய்? மேடம் என்று எழுதினாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் இப்போதே சொல்லிவிடு. திடீரென்று ஒருநாள் பார்த்தால் என்னால் தாங்க முடியாது.

உன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பூச்சி பத்திரமாக வந்தது. அதையும் வாலையும் சேர்த்து ஒட்டவில்லை, ஒட்டினது போதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதனுடையது என்று லேபிளில் எழுதிவிட்டேன். பின்பாதிதான் பெயருக்கு ஆதாரம் என்று எழுதி அச்சுக்கும் அனுப்பியாகிவிட்டது. உங்கள் பெயர் நிற்கிறது.

போன கடிதத்தில் கையெழுத்து இருக்கும் இடத்தில் "உன்" என்று மட்டும் போட்டு நிறுத்திவிட்டீர்கள். அதைப் பார்த்து எனக்கு ஒரு நாள் வேலை ஓடவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நம் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. முறையாக வைத்த பெயரை, அது இப்போது பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக யாரும் மாற்ற முடியாது. கறுப்பு என்று பெயர் வைத்த பூச்சி வெள்ளையாக இருந்தாலும் அதற்குப் பெயர் கறுப்புதான். வைத்தவரே வந்து கேட்டாலும் நடக்காது. நான் உங்களை முதன்முதலாக அண்ணி என்று கூப்பிட்டது உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே. கேன்டீனில், எல்லார் எதிரிலும். அண்ணன் என்னை முறைத்தான், நீங்கள் டீயைக் கொட்டிவிட்டீர்கள். அந்தப் பெயர் செல்லும்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. நேரில் பார்க்காமல் நான் பெயர் வைப்பதில்லை. அதனால் நாங்கள் இருவருமே வருகிறோம்.

பதிவு அலுவலகம் எத்தனையாவது மாடி? லிஃப்ட் இருக்கிறதா? இருந்தால், முதல் நாளே அவரை ஒரு நடை போய் அதைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள் என்று அம்மா எழுதச் சொல்கிறார்கள். கல்யாண மாப்பிள்ளையையா வேலை வாங்குவது என்று கேட்டேன். "வீட்டு ஆள்தானே, சொன்னா செய்யமாட்டாரா?" என்கிறார்கள்.

உங்கள் நாத்தனார்