மேல்மூலையில் ஒரு நூல்

ஜனவரி 11
அக்கா வீட்டு வாசற்கதவு மறுபடியும் இறுகுதாம், நாலு வருஷமா இதே கதை. போன மாசம்தான் இழைத்துக் கொடுத்தேன். மழை ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கு, வேறென்னன்னு அக்காகிட்ட சொன்னேன். மேல்மூலையில் ஒரு நூல் கனத்துக்கு இழைத்தேன். "இப்படியே போனா கதவு ஜன்னலாயிடும்டா" என்று அத்தான் கிண்டல். மூச்சிரைப்பு வாட்டினாலும் மனுஷனுக்கு வாய் ஓயாது.

ஜனவரி 30
இந்த வாரம் மட்டும் அக்கா வீட்டு மலைச்சரிவில் நாலு வீட்டுக் கதவு. தச்சனுக்கு நல்ல காலம்தான்.

மார்ச் 6
மழை நின்று ஒரு மாசம். மரம் காய்ந்து சுருங்கியிருக்கணும். அக்கா கதவு இன்னும் இறுகுது. கதவு நிலையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். மரத்தில் குறையில்லை, நிலையே கோணல். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். எல்லாம் பள்ளத்துப் பக்கமே சாய்ந்திருக்கு.

நாலு வருஷமா நான் என்னத்தை இழைச்சுக்கிட்டிருந்தேன்?

மார்ச் 9
மலையை அளக்கிற பொறியாளரம்மா வந்தாங்க. மண்ணு வருஷத்துக்கு மூணு விரற்கடை கீழே நகருதாம். வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. அக்கா சிரித்தாள். "என் தம்பிக்குத் தெரியாததா? வெறும் ஈரம்னு சொல்லிட்டான்."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 10
நாளைக்குச் சொல்லிடணும்.

மார்ச் 17
இன்னும் சொல்லலை. வெட்கமா? பயமா? ரெண்டும்தான்.

மார்ச் 19
மத்தியானம். அத்தானுக்கு இன்ஹேலர் வாங்க அக்கா கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் கதவு நிலையில் இறுகி அசையவில்லை. உள்ளே அவருக்கு மூச்சு முட்டுகிறது. ஆள் அனுப்பினாள், ஓடினேன். கடப்பாரை போட்டு நிலையைப் பெயர்ப்பதற்குள் — கதவோரமாகவே கிடந்தார். கையில் நாடி இல்லை.

ஐயோ, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

மார்ச் 22
அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூலைமட்டம் வைத்த நாளையும் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஏப்ரல் 24
அக்கா கீழே சமதரையில் ஒற்றை அறைக்குக் குடிவந்துவிட்டாள். பெட்டி தூக்க என்னைக் கூப்பிட்டாள், அதுவே பெரிசு. அறைக் கதவு லேசாக உரசியது. பழக்கதோஷம், இழைப்புளியை எடுத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டா. இறுகினா இறுகட்டும். எனக்குத் தெரியணும்."

இழைப்புளியைப் பைக்குள் வைத்தேன்.