டீசல் வாங்க என் காரில் போங்க

என்னங்க,

உங்களை எழுப்பல. எழுப்பியிருந்தா நான் போடுற சத்தத்துல பக்கத்து வீடும் எழுந்திருக்கும். வாசல்ல ரெண்டு கார் நிக்குது, மருந்துக்கடையைத் திறக்க வேண்டியவ பஸ்ஸுக்கு ஓடுறேன்!

நேத்து சாப்பிடும்போது உங்க அண்ணன், "இது கார் இல்லம்மா, பெரிய செல்போன். சார்ஜ் போனா நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்"னு என் காரைக் கிண்டல் பண்ணார். ஒருநாளாவது அதை ஓட்டிப் பார்த்திருக்காரா? அவரை விடுங்க. நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களே, அதுதான் எனக்கு ஆறல.

காலையில பார்த்தா நிஜமாவே சார்ஜ் இல்ல. எப்படி இருக்கும்? உங்க டீசல் காரைக் கழுவ, என் சார்ஜரைப் பிடுங்கிட்டுத் தண்ணி மோட்டாரைச் சொருகினது யாரு? திரும்ப மாட்டணும்னு தோணவே இல்லையா?

சரி, உங்க காரையே எடுக்கலாம்னு போனேன். புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்குது. உள்ள டீசல் இல்ல! பங்க் வரைக்கும்கூடப் போகாது. இதை வச்சுக்கிட்டா அண்ணனும் தம்பியும் அப்படி வாய் கிழியப் பேசினீங்க?

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், ரெண்டு பேரும் சாப்பிடுங்க. மத்தியானம் அண்ணனை ஸ்டேஷன்ல விடணும், மறந்துடாதீங்க.

பி.கு.: என் காரை சார்ஜ்ல போட்டுட்டேன், பங்க் போய் வர்ற அளவுக்குச் சீக்கிரம் ஏறிடும். சாவி ஃப்ரிட்ஜ் மேல, கேன் மாடிப்படிக்குக் கீழ. அண்ணனையும் ஏத்திக்கிட்டு அதுலயே போய் உங்க காருக்கு டீசல் வாங்கிட்டு வாங்க. பங்க்ல யாராவது சிரிச்சா, நேத்து மாதிரியே நீங்களும் சேர்ந்து சிரிங்க.