வாசற்படிக்குப் பன்னிரண்டு விரற்கடை

ஹாவ்,

காலை ஆறு மணிக்கு வலையெடுக்கக் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "மணிக்கு ரெண்டு விரற்கடைதான் தண்ணி ஏறுது. வாசப்படிக்கு இன்னும் பன்னெண்டு இருக்கு. மீதியில்லாம வகுபடுது டீச்சரம்மா, மத்தியானம் வரைக்கும் பயமில்ல." நானும் நேற்றைய சண்டையின் கோபத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏழாம் வகுப்புக்கு நான் முதலில் சொல்லித்தருவதே இதுதான்: வேகம் மாறாமல் இருந்தால்தான் நேர்விகிதம் செல்லும். நீங்கள் போனதும் தூணில் கரிக்கோடு போட்டுப் பார்த்தேன். முதல் மணி நேரத்தில் இரண்டு விரற்கடை ஏறியது, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து. இன்று ஆற்று வெள்ளத்தோடு பௌர்ணமிக் கடல் ஓதமும் சேர்ந்திருக்கிறது, அதை மறந்துவிட்டீர்கள். மீதம் இரண்டே விரற்கடை.

தனிவகுப்புக்குப் போன மகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக் கோயிலுக்குப் போகிறேன். சோறும் சட்டிமீனும் பரண்மேல் இருக்கின்றன. கதவைப் பூட்டவில்லை.

நான் பேசாமல் அனுப்பியதை மனதில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தச் சீட்டை வாசற்காலில் உங்கள் தலை உயரத்துக்கு ஆணியடித்திருக்கிறேன். படகில் உட்கார்ந்தபடியே இதைப் படிக்க முடிந்தால், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் இருக்கும்; எதற்காகவும் உள்ளே போகாதீர்கள். துடுப்பைக் கீழே வைக்காமல் கோயிலுக்கு வாருங்கள்.

துயெத்