வலது தோள் மாராப்பு

கங்கைகொண்ட சோழபுரம்
3.8.2024

அன்புள்ள நந்தினி அக்காவுக்குத் தமிழ்மொழி எழுதுவது.

சென்னைக் கண்காட்சி அழைப்பிதழில் முதலில் என் கண்ணில் பட்டது மாராப்புதான். வலது தோளில் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் படம் என்று தெரிந்துவிட்டது. அச்சு எடுக்கும் மரக்கட்டையில் இடம் வலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை மறந்து, அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தாளோ அப்படியே செதுக்கிவிட்டேன். அச்சு எடுத்ததும் மாராப்பு மறுபக்கம் போய்விட்டது. நீங்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அழைப்பிதழை நம் அச்சுப் பட்டறைச் சுவரில் ஒட்டியது மெஷின் ஓட்டும் பூமாலை அண்ணன். "ஒன் படம் மெட்ராசுக்கே போயிருச்சு பாரு தமிழு" என்றார். பிறகு கீழே இருந்ததைப் படித்தார். ரோலரைக் கழுவப் போய்விட்டார். கீழே 'நந்தினி சாமிதுரை' என்று போட்டிருக்கிறது.

எல்லோர் படத்தோடும் என் படத்தையும் வைப்பதாகச் சொல்லித்தானே எடுத்துப் போனீர்கள். அழைப்பிதழ் அடித்தவர்கள் பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னால் சரி செய்துவிடுவார்கள்.

இங்கே மழை இல்லை. பட்டறைக்கு அரியலூர் போகும் பஸ்ஸில் சிமெண்ட் லாரிப் புழுதி. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் அக்கா.

அன்புடன்
தமிழ்மொழி


சென்னை
11.8.2024

என் அன்புத் தமிழு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். போனில் பேசினால் 'ம்' என்பதற்கு மேல் உன்னிடமிருந்து வராது.

பெயரை யாரும் மாற்றிப் போடவில்லை. நான்தான் அப்படிக் கொடுத்தேன். கோபப்படாமல் கடைசி வரை படி. கண்காட்சியில் ஒருவரை எடுத்துக்கொள்ள ஐந்து படங்கள் வேண்டும் என்றார்கள். என்னிடம் நான்குதான் இருந்தன. மறுநாள் கடைசி நாள். கட்டை நீ வெட்டியது, சரி. ஆனால் மை தேய்த்ததும் அச்சு எடுத்ததும் நான். நம் பட்டறையில் யார் உளி, யார் மை என்று என்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

இங்கே எல்லோரும் பேசுவது அந்த மாராப்பைப் பற்றித்தான். காலங்காலமான பார்வையைத் திருப்பிப்போடும் எதிர்ப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. உனக்கும் சிரிப்பு வரும்.

நாலு பேர் முன்னால் நின்றாலே உனக்கு வியர்க்கும். அந்தக் கஷ்டத்தை உனக்காக நான் படுகிறேன் என்று வைத்துக்கொள்.

கொண்டுவந்த பிரதிகள் எல்லாம் விற்றுவிட்டன. இன்னும் கேட்கிறார்கள். கட்டையை நன்றாகச் சுற்றி பூமாலை அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
நந்தினி அக்கா


கங்கைகொண்ட சோழபுரம்
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிப்பு வரவில்லை.

அழைப்பிதழை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"எவடி இவ, மாராப்ப மாத்திப் போட்டுக்கிட்டு?"

"நீதாம்மா."

"நானா?" கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நகங்கூட அப்படியே இருக்கு. கீழ என்னா எழுதியிருக்கு, எம் பேரா ஒம் பேரா?"

உங்கள் பெயரைப் படித்தேன்.

"யாரு, பெரம்பலூர் வாத்தியார் பொண்ணா? நம்ம வூட்டுக்கு வந்தப்ப தண்ணிகூட வேணாம்னுச்சே, அதா? அது எப்ப என்னை உக்கார வெச்சுப் பாத்துச்சு?"

நீங்கள் அன்றைக்கு வாசலிலேயே நின்றது ஏன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தாகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறையை நடத்தும் ஜெயசுதா அக்காவிடம் சொன்னேன். "விடு தமிழு. பட்டறைக்குப் பேரு வந்தா ஒனக்கும்தானே? அடுத்த வருசம் ஒன்ன அனுப்பறேன்" என்றார். அடுத்த வருடம் அனுப்புவதற்கு இந்தப் படம் என்னுடையதாக இருக்காதே என்று கேட்க நினைத்தேன். அவரிடம் கேட்காததை உங்களிடம் கேட்கிறேன்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு படத்தின் கீழ் என் பெயரைப் போடுங்கள். மற்ற நான்கும் உங்களுடையவைதானே. நேற்று கொட்டை உடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "பேர மாத்தச் சொல்லு. முடியாதுன்னா எம் மூஞ்சிய எடுத்துரச் சொல்லு."

தமிழ்மொழி


சென்னை
27.8.2024

தமிழு,

கண்காட்சிப் புத்தகமே அச்சாகிவிட்டது. மூன்று பேருக்குப் பேட்டி கொடுத்துவிட்டேன். இப்போது போய் இது என்னுடையது இல்லை என்றால் கெட்டுப்போவது நான் மட்டும் இல்லை. பட்டறைக்கு வரும் உதவியும் நின்றுவிடும். அங்கே வரும் அத்தனை பெண்களுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

கோபமில்லாமல் யோசி. ஒன்பதாவதோடு நின்றவள் நீ. இங்கே வந்து இவர்கள் கேட்பதற்கெல்லாம் என்ன சொல்வாய்? அடுத்த முறை 'உதவி: தமிழ்மொழி' என்று கட்டாயம் போடச் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அம்மா தேவையில்லாததை எல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறார்.

கட்டை இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

நந்தினி


அரியலூர்
2.9.2024

நந்தினி அக்காவுக்கு,

ஒரு படத்தை இனி அச்சடிக்கப் போவதில்லை என்றால், கட்டையின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடுவது நம் பட்டறை வழக்கம். அதன் பிறகு யார் மை தேய்த்தாலும் கோடு விழும். பழைய படம் வராது. படத்தை வெட்டியவர்தான் அந்தக் கோட்டையும் போட வேண்டும்.

இன்று மதியம், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கட்டையை மேசையில் வைத்தேன். மூலைக்கு மூலை இழுத்தால் கோடு அம்மாவின் முகத்தில்தான் போகும். உளி முனையை மேல் மூலையில் வைத்தேன்.

ஜெயசுதா அக்கா பார்த்துவிட்டார். "ஏய், என்னடி பண்ற? இத்தனை பேரு பொழப்புல மண்ண அள்ளிப் போடப் பாக்குறியா?"

பூமாலை அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கட்டை நகராமல் இருக்க அந்தப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரே இழுப்பா இழு. பயந்து பயந்து இழுத்தா பிசிறும்" என்றார்.

இழுத்தேன். மூலையில் ஆரம்பித்து நெற்றி, கண், வாய், கொட்டை பிடித்த கை என்று மறுமூலை வரை போனது. பிசிறவில்லை. ஜெயசுதா அக்கா என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. நாளை முதல் வரலாமா என்று நானும் கேட்கவில்லை.

கட்டையைத்தான் கேட்டிருந்தீர்கள். சாக்கில் சுற்றித் தைத்து, பார்சல் ஆபீசுக்கு நானே தூக்கிப் போனேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

தமிழ்மொழி