எட்டு ஊக்குகள்

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில், அட்டையில் வரிசையாகக் குத்தித் தொங்கவிட்டிருந்த ஊக்குகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஜிகினா வாங்கத்தான் போனேன். பின்னால் வந்தவர், "ஸ்வல்ப ஜாகா விடுங்க மேடம்" என்று கன்னடம் கலந்து சலித்துக்கொண்டார். வழி விட்டு நகர்ந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஊக்கைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அது என்னுடையது என்ற பழைய எரிச்சல்தான் வந்தது.

காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில், சனிக்கிழமை நடன வகுப்பில் உன்னை முதலில் பார்த்தேன். நான் மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். பன்னிரண்டு வருடம் பரதம் கற்றவள், பள்ளியில் நடன டீச்சர். நீ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, முப்பத்தைந்து வயதில் உடம்பைக் குறைக்க வந்தவள். தாளம் உனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். தப்பாக ஆடினால் கண்ணாடியில் உன்னையே பார்த்துச் சிரிப்பாய். எனக்கு உன்னை மிகவும் பிடித்தது. என்னைவிட மோசமாக ஆடியதால் பிடித்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் உடை மாற்றும்போது நான் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். ஸ்கூலுக்குப் புடவை கட்ட எட்டு ஊக்கு குத்துகிறேன், வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழற்றி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிடுகிறார் என்று. நீ பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏய், இத நான் எடுத்துக்கட்டுமா?"

"எத?"

"இந்தக் கதையத்தான்டி."

"எடுத்துக்கோ. இதுக்கெல்லாமா கேப்பாங்க" என்றேன்.

அடுத்த மாதமே ஒரு நடனக் குழுவுக்கு ஆள் தேர்வு வந்தது. வெளிநாட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய ஒருத்தி பெங்களூரில் பர்லெஸ்க் குழு ஒன்று தொடங்கியிருந்தாள். ஒரு கையுறையைக் கழற்ற ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஆட்டம் அது. கவர்ச்சி பாதி, கேலி பாதி. இருவரும் போனோம். நான் ஆடியதில் ஒரு அடி பிசகவில்லை. நீயோ ஐ.டி. கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஆபீஸ் முடிந்து களைத்த முகத்தோடு வந்து நின்று, என் எட்டு ஊக்குகளைக் கழற்றினாய். ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு எதிரே இருப்பவர்களை ஒரு பார்வை பார்த்தாய். குழுவைத் தொடங்கியவள் என்னிடம், "நீங்க கரெக்டா ஆடறீங்க. ஆனா எங்களப் பாக்கவே இல்லையே" என்றாள். உன்னிடம் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இந்திராநகரில் ஞாயிறு மாலைகள், மும்பை, கோவா, வெளிநாட்டு விழாக்கள். வேலையை விட்டாய். எல்லா ஊரிலும் கேட்டது அந்த ஒரே ஆட்டத்தைத்தான். எட்டாவது ஊக்கு கழன்றதும் புடவை நழுவி, உள்ளே தங்க நிற ஜிகினா உடை மின்னும்; அதே நொடியில் ஸ்பீக்கரிலிருந்து குறட்டைச் சத்தம் வரும். கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். பேட்டிகளில், "என் ஃப்ரெண்ட் சொன்ன கதை" என்று மறக்காமல் சொன்னாய். பெயரைச் சொல்லவில்லை, பள்ளியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நான்தான் தடுத்திருந்தேன். அதற்கும் உன் மேல்தான் கோபப்பட்டேன்.

உன் அம்மா ரிட்டையர் ஆன நர்ஸ், சர்ச்சில் பாடுகிறவர். அவரிடம் "டான்ஸ் ஷோ" என்று மட்டும் சொல்லி மூன்று வருடம் ஓட்டியிருந்தாய். நீ ஐரோப்பா போகப் போகிறாய் என்று தெரிந்த வாரம், நான் உன் வீட்டுக்குப் போனேன். நீ இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

"ஆன்ட்டி, அவ மேடையில புடவையக் கழட்டறா. ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் உக்காந்து பாக்கறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எங்க நடக்குது?" என்று மட்டும் கேட்டார். இடத்தைச் சொன்னேன். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஞாயிறு அவர் சர்ச்சுக்குக் கட்டிய புடவையிலேயே வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது ஊக்கில் கை வைத்தபோதுதான் நீ அவரைப் பார்த்தாய். உன் கை நின்றுவிட்டது. அது நடிப்பு இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்படி இழுக்காத, கிழிஞ்சிடும். அடியில அமுக்கி எடு" என்றார் உன் அம்மா.

சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. நீ அமுக்கி எடுத்தாய். அதன் பிறகு எந்த ஊரில் ஆடினாலும், மூன்றாவது ஊக்கில் உன் அம்மா குரலில் நீயே அதைச் சொல்லிக்கொண்டாய். நான் கெடுக்கப் போனதுகூட உன் ஆட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டாய். "அம்மாகிட்ட நீதான் சொன்னியாமே. மூணு வருஷமா எனக்கு தைரியம் வரல. எனக்காகப் போய்ச் சொல்லியிருக்கியேடி." உன் கண்மை என் தோளெல்லாம் ஒட்டியது. "பரவால்ல விடு" என்றேன்.

நோய் வந்த பிறகு வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கட்டிலருகே ரசிகர்கள் அனுப்பிய பூங்கொத்துகளுக்கு நான்தான் தண்ணீர் மாற்றினேன். அப்போதும் எத்தனை பூங்கொத்து என்று எண்ணினேன்.

உன் நினைவு நிகழ்ச்சியில் அந்த ஆட்டத்தை ஆட முடியுமா என்று குழுவில் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். பத்து வருடம் காத்திருந்தது அதற்குத்தான். ஒன்றும் பிசகவில்லை. இந்த முறை எதிரே இருந்தவர்களைப் பார்த்தேன், நீ பார்த்த மாதிரியே. எல்லோரும் கை தட்டினார்கள், சிலர் அழுதார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது ஊக்கில் உன் அம்மா ஏதாவது சொல்வாரா என்று நின்று பார்த்தேன். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா பண்ணினேம்மா. நீ மட்டும் அன்னைக்கு வந்து சொல்லலன்னா, என் பொண்ண மேடையில பாக்காமலே விட்டிருப்பேன்."

உன்னை நிறுத்தத்தான் அன்று வந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "பரவால்ல ஆன்ட்டி" என்றேன்.

அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ என்னிடம் காட்டிய அந்த நன்றிக்கு நான் தகுதியானவள் இல்லை. கதையை எடுத்துக்கொண்டதை மன்னித்துவிட்டேன். ஊர்களும் பூங்கொத்துகளும்கூட மெல்லப் பழகிவிடும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாரே, அதை மட்டும் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் பரதம் ஆடினேன். என் அம்மா ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை.