எதைப் பார்க்காது என்றும் எழுதிய ஜெசிந்தா

செவ்வாய், இரவு.

துறைமுகத்துக்கு மென்பொருள் எழுதும் ஜெசிந்தாவைப் பேட்டி காணப் போனேன். ரசாயனக் கன்டெய்னர்களைத் தனியே நிறுத்தச் சொல்லும் நிரலை, அவருடைய ஏஐ காலையில் அழிக்கப் பார்த்ததாம். அது பயன்படுத்தும் ஒரு சோதனைக் கருவிக்கு, ‘பயன்படாத நிரலைக் காட்டும்’ என்று இவர் எழுதிவைத்த விளக்கத்தை அது அப்படியே நம்பிவிட்டது.

“என்னம்மா, அதுக்குக் கிறுக்கு புடிச்சிட்டா?” என்றேன்.

“அதுக்கில்ல அண்ணாச்சி, பாதிய மட்டும் எழுதி வச்ச எனக்குத்தான்,” என்று சிரித்தார்.

என் முன்னாலேயே விளக்கத்தைத் திருத்தினார்: ‘இந்தக் கருவி இந்த ஒரு கோப்புறையில் மட்டும் தேடும். கிரேன் பிரிவின் நிரலைப் பார்க்காது. இதை மட்டும் நம்பி எதையும் அழிக்காதே.’ மறுபடி ஓடவிட்டார். ஏஐ கிரேன் பிரிவிலும் தேடியது. ரசாயனக் கன்டெய்னர் நிரல் அங்கே பயன்படுகிறது என்று சொல்லி, அழிக்காமல் விட்டுவிட்டது.

முப்பது வருடச் செய்திகளில், யாரை விசாரிக்கவில்லை என்று நான் ஒருமுறையும் எழுதியதில்லை. இன்றைய செய்தியின் கடைசியில் எழுதினேன்: ‘கிரேன் ஓட்டுநர்களிடம் கேட்கவில்லை.’