மாமா ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் தண்ணீர் நன்றாக இருக்கிறதா? இங்கே எப்போதும் போலத்தான். முனிசிபாலிட்டி குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் அரை மணி நேரம். போர் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை. ஆம்பூர் ஆம்பூராகவே இருக்கிறது.

போய்ச் சேர்ந்த மாமனாருக்குக் கடிதம் எழுதும் மருமகளைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று நாலைந்து முறை பேசிப் பார்த்தேன், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. எழுதினால் அழுதுகொண்டே எழுதலாம், யாருக்கும் தெரியாது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விட்டுப்போன ஏழு மீன்களில் இப்போது மூன்றுதான் மிச்சம். இரண்டு கறுப்பு மோலி, அப்புறம் உங்கள் ராணி. ராணி, அந்தப் பெரிய கோல்டு ஃபிஷ், போன மாதம் முழுக்கத் தொட்டியின் அடியில் கூழாங்கல் மேல் படுத்தே கிடந்தது. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்த நாலு மீன்களையும் கொன்றது வேறெதுவும் இல்லை மாமா, நீங்கள் கடைசியாக ஊற்றிவிட்டுப்போன தண்ணீர்தான். அதைக் கொட்ட உங்கள் மகன் என்னை விடவில்லை.

உங்கள் மகனைத் தெரியாதா உங்களுக்கு? நீங்கள் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் ரிட்டயர் ஆகி, முதலாளி வீட்டில் வேண்டாம் என்று வெளியே வைத்திருந்த மூன்றடித் தொட்டியை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்களே, அன்றைக்கு அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இருக்கற தண்ணிப் பஞ்சத்துல மீனு ஒரு கேடா?" நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. கூடம் ஈரமாகிறது, கவுச்சி அடிக்கிறது என்று முணுமுணுத்தேன். அத்தை போன பிறகு வீட்டில் நீங்கள் பேசுவதற்கு ஆள் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் எப்படி நான் உங்களுக்குக் கூட்டாளி ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாளியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்க நின்றீர்கள், "குடுங்க மாமா" என்று வாங்கினேன். அவ்வளவுதான். அதிலிருந்து ஞாயிறு என்றால் அது நம் வேலை. நீங்கள் டியூபை வாயால் உறிஞ்சி விடுவீர்கள், பழைய தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு வாளியில் இறங்கும். முந்தின நாளே அகன்ற பேசினில் திறந்துவைத்த குழாய்த் தண்ணீரில் அந்த மருந்து வாசனை போயிருக்கும். தொட்டியின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் சொம்பு சொம்பாக நான் ஊற்றுவேன். ஊற்றுவதற்கு முன் நீங்கள் ஒரு கையை வாளியிலும் ஒரு கையைத் தொட்டியிலும் விட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பீர்கள்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும்மா. மீனுக்கு இன்னா, ஸ்வெட்டரா கீது போட்டுக்க?"

அன்வர் பாய் வாசலில் நின்று கிண்டல் செய்வார். டேனரியில் உங்களோடு முப்பது வருஷம் தோல் ஊறும் டிரம் ஓட்டிய மனுஷர், அவருக்கு இல்லாத உரிமையா? "இன்னா தோஸ்த், நாம கெடுத்த தண்ணிய எல்லாம் இந்தத் தொட்டில வச்சிக் கழுவுறியா?" நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். "ஒரு தொட்டியாவது சுத்தமா இருக்கட்டும் பாய்" என்பீர்கள்.

பங்குனி பிறந்து மூன்றாவது நாள், புதன்கிழமை காலை, டீ டம்ளரைக் கீழே வைக்கக்கூட நேரம் இல்லாமல் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பியபின் வந்த ஞாயிறு, நான் டியூபை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். உங்கள் மகன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா பண்ற?"

"தண்ணி மாத்தணுமே."

"வோணாம். அது அப்பா கையால ஊத்துன தண்ணி. ஒரு சொட்டு வெளிய போவக் கூடாது."

நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு வாளி தூக்காத மனிதர்! எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜோலார்பேட்டையில் டூட்டி முடித்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்க முடியவில்லை.

வெயில் காலம். மூடி இல்லாத தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒரு விரல் அளவு தண்ணீர் குறையும். குறைந்ததை அவர் நிரப்புவார், போர் குழாயிலிருந்து நேராகப் பிடித்து. அப்பா தண்ணீரோடு கொஞ்சம் சேர்க்கிறோம், அப்பா தண்ணீர் அப்படியே இருக்கிறது என்பது அவர் கணக்கு. வெயில் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும், உப்பைத் தொடாது. இது நம் ஊரில் யாருக்குத் தெரியாது மாமா? டேனரிகளில் கழிவைத் தொட்டிகளில் காயவைத்து உப்பை வாரி எடுக்கிறதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? ஆனாலும் நம் வீட்டுக் கூடத்தில் அதே வேலை நடந்தது. சித்திரை முடிவதற்குள் கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிட்டது.

வைகாசியில் முதல் மீன் செத்தது. அதே வாரத்தில் இன்னொன்று. ஆனியில் இரண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தேன். அவர் டூட்டிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் புதைத்தேன். வந்து எண்ணிப் பார்ப்பார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

இந்த இடத்தில் உங்களுக்கு என்மேல் கோபம் வர வேண்டும். உங்கள் மகனுக்குத்தான் தெரியாது, உனக்குத் தெரியும் அல்லவா, ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேளுங்கள். அந்தத் தண்ணீரைத் தொட எனக்கும் பயமாக இருந்தது மாமா.

அந்தக் கடைசி ஞாயிறு. ஷூ கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம் என்று எல்லோரையும் ஓவர்டைம் கூப்பிட்டிருந்தார்கள். வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது, நான் தலைகூடச் சரியாக வாராமல் ஓடுகிறேன். நீங்கள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, "அஞ்சே நிமிஷம்மா, அந்த ரெண்டு வாளிய மட்டும்..." என்று ஆரம்பித்தீர்கள்.

"சாயங்காலம் வந்து ஊத்துறேன் மாமா. தண்ணி இன்னா ஓடியா போவுது? காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்க!"

இதுதான் நான் சொன்னது. சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது, வாளிகள் காலியாகக் கவிழ்ந்திருந்தன, தரையைக்கூடத் துடைத்துவிட்டிருந்தீர்கள். கோபித்துக்கொண்டு நீங்களே தூக்கினீர்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. அந்த இரண்டு வாளிதான் உங்களைக் கொண்டுபோனதா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

உங்கள் மகன் பாசத்தில் காவல் காத்தார். நான் குற்ற உணர்ச்சியில் சும்மா இருந்தேன். நடுவில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன.

ஆடி இரண்டாம் வாரம் அன்வர் பாய் வந்தார். ராணி கிடக்கும் கிடையைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை. நேராகப் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். புதிதாகப் போர் போட்ட வீட்டில் செய்வோமே, அதே மாதிரி. முகம் சுளித்தது.

"இன்னாப்பா இது, கடலு மாதிரி கரிக்குது. மோலி உப்புத் தாங்குற ஜாதி, அதான் ஓடுது. இது எப்டிப் பொழைக்கும்? உங்கப்பன் மீனு வளத்தான். நீ உப்புக் காய்ச்சுற."

பாய் போகும்வரை உங்கள் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனதும் வாளியை இழுத்துவந்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். "நானே சாவடிச்சிருக்கேன். எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா ரொப்பறேன்."

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "முழுசா மாத்துனா இப்பவே செத்துடும். இந்த உப்புக்கே பழகிப்போன உடம்பு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும். முதல்ல ஒரு வாளி போதும். மாமா அப்டித்தான்..."

அதற்குமேல் முடியவில்லை. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேன், ஹாரன், பேஜார் பண்ணாதீங்க என்றது, ஒன்று விடாமல். அடிப்பாரோ, பேசாமல் போய்விடுவாரோ, எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெரியும் கலா. அன்னிக்கி அப்பா எனக்கு ஃபோன் பண்ணாரு. 'டேய், இன்னிக்கி ரெண்டு வாளியும் நானே ஊத்திட்டேன். பாவம்டா கலா, ஞாயித்துக்கெழமகூட ஓடுது. வந்து இதையும் தூக்கணுமா?'ன்னாரு. ஜாஸ்தி சந்தோஷம் அவருக்கு. இன்னும் ஏதோ சொல்ல வந்தாரு. டூட்டில இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்னு கட் பண்ணிட்டேன். அப்புறம் மூணு நாளும் டூட்டி, தூக்கம்னு நான் பேசவே இல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஐந்து மாதமாக அவர் ஏன் அந்தத் தண்ணீர் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று. நீங்கள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதைப் பற்றித்தான். பாதியில் நின்ற பேச்சு.

என்ன சொல்ல வந்தீர்கள் மாமா?

அன்றைக்கே ஒரு வாளி எடுத்தோம். உங்கள் மகன்தான் டியூபை உறிஞ்சினார். பழக்கம் இல்லையா, வாய் நிறைய உள்ளே போய்விட்டது. துப்பிவிட்டு, "த்தூ, பாய் சொன்னது கம்மி" என்று சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். எடுத்த வாளியை வைத்துக்கொண்டு சாக்கடை ஓரம் நின்றவரால் கவிழ்க்க முடியவில்லை. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாகக் கவிழ்த்தோம்.

திரும்பி வந்து முதல் நாள் பேசினில் பிடித்துவைத்திருந்த குழாய்த் தண்ணீரை வாளியில் எடுத்தோம். அவர் ஒரு கையை வாளியிலும் ஒரு கையைத் தொட்டியிலும் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணா கீதான்னு எப்டிக் கண்டுபிடிக்கறது?" எனக்கும் தெரியவில்லை. நானும் கையை விட்டேன். ரொம்ப நேரம் நின்றோம்.

அடுத்த ஞாயிறும் மாற்றினோம். அதற்கடுத்த ஞாயிறும். பழைய தண்ணீர் முழுசாகப் போகாது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தானே எடுக்கிறோம், எவ்வளவு மாற்றினாலும் உங்கள் தண்ணீர் துளியாவது அதில் இருந்துகொண்டே இருக்குமாம். இருக்கட்டும் என்றேன். ராணி பிழைக்குமா என்று பாய்க்கும் தெரியவில்லை. போன வாரம் கல்லை விட்டு மேலே வந்து ஒரே ஒரு தீனியை வாயில் வாங்கி, திரும்பத் துப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. உங்கள் மகன் அதற்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

நேற்று கம்பெனியில் சூப்பர்வைசர் வந்தார். இந்த ஞாயிறும் ஷிப்மெண்ட், வேன் ஏழு மணிக்கே வரும் என்றார். வரமாட்டேன் என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இன்னா மா, வூட்ல விசேஷமா?"

"ஆமா சார். தண்ணி மாத்தணும்."

இந்த ஞாயிறு மட்டும் இல்லை, இனி எந்த ஞாயிறும் அந்த வேனில் ஏறமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீங்கள் உட்காருங்கள் மாமா. வாளியை நான் தூக்குகிறேன்.

உங்கள் மருமகள்,
கலா